இணைப்பு உண்டு, வேலை நடவாது

கொழும்பிலே அலுவலக வலையமைப்புத் தடைப்படும்போதெல்லாம் முதலிற் பழிக்கப்படுவது கடலே. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2004ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் கொழும்புத் துறைமுகத்துக்கு அணித்தாக ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சேதப்படுத்தியது. நாட்டின் இணையத் தொடர்பும் வெளிநாட்டுத் தொலைபேசியும் பெரிதும் முடங்கின. அதன்பின் கொழும்பிலும் கல்கிசையிலும் மாத்தறையிலும் புதிய கேபிள்கள் கரையேறின. ஆயினும் பழைய அச்சம் நீங்கவில்லை. அவ்வச்சத்தால் யானும் ஒருமுறை வழிதவறினேன். இத்துறையிற் புகும் இளைய மாணவர்க்குப் பயன்படுமென்று அதனை ஈண்டு எழுதுகின்றேன்.

யான் பணிபுரிந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வெள்ளவத்தையில், பண்டகசாலை கொட்டாஞ்சேனையில். கணக்குகள் யாவும் சிங்கப்பூரிலுள்ள ஒரு தரவு மையத்தில் இருந்தன. இரண்டு இடங்களும் வீ.பீ.என். என்னும் மறைவழி மூலம் அங்கே தொடர்பு கொண்டன. ஒரு மாத இறுதியிற் கொட்டாஞ்சேனையிற் சம்பளப் பட்டியல் திறக்க மறுத்தது. கடவுச்சொல் ஏற்கப்பட்டது, கோப்புகளின் பெயர்கள் தோன்றின, பட்டியலைத் திறந்தாலோ திரை அப்படியே நின்றது. தொழிலாளர்க்குக் கூலி இரண்டு நாள் பிந்திற்று. கோப்பைக் கெடுத்துவிட்டாரென்று ஓர் இளம் எழுதுவினைஞர் ஏச்சுக் கேட்டார். யானோ கடற்கேபிளிலே நெருக்கடியென முடிவுகட்டி, இணைப்பின் கொள்ளளவை இருமடங்காக்கச் சொன்னேன். கட்டணம் ஏறியது, பட்டியல் திறக்கவில்லை.

அந்த எழுதுவினைஞரே பின்னர் ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, வெள்ளவத்தையிலும் இதே கடல்வழிதானே? அங்கே மட்டும் எப்படித் திறக்கிறது?" யான் முதலிற் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கடல் இருவர்க்கும் பொதுவாயின், குற்றம் இருவர்க்கும் பொதுவல்லாத பகுதியிலேதான் இருத்தல் வேண்டும். கொட்டாஞ்சேனையின் இணைப்பு அவ்வாரந்தான் மாற்றப்பட்டிருந்தது.

இங்கே பொதியின் அளவைப் பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும். வலையமைப்பிலே தரவு சிறு சிறு பொதிகளாகச் செல்லும். வழக்கமாக ஒரு பொதியின் உச்ச அளவு 1,500 பைற்று. வீ.பீ.என். ஒவ்வொரு பொதியையும் மறைகுறியாக்கி, இன்னோர் உறைக்குள் இட்டு அனுப்புகின்றது. அவ்வுறைக்கு ஏறத்தாழ 50 முதல் 80 பைற்று வரை வேண்டும். கொட்டாஞ்சேனையின் புதிய இணைப்போ பீ.பீ.பீ.ஓ.ஈ. என்னும் முறையைச் சார்ந்தது. அது மேலும் 8 பைற்றைத் தனக்கென எடுத்து, வழியின் வாயை 1,492 ஆக்கிவிட்டது. பழைய அளவிற் கட்டிய உறை அவ்வாயினுள் நுழையவில்லை. கடவுச்சொல்லும் கோப்புப் பெயர்களும் சிறு பொதிகள்; ஆதலால் அவை சென்றன. பட்டியல் முழுநீளப் பொதிகளாக வந்தமையால் வழியிலேயே வீழ்ந்தது.

பொதி பெரிதாயின், அதனை மறித்த கருவி அனுப்பியவனுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1990இல் வகுக்கப்பட்ட நெறி. அவ்வறிவிப்பு ஏன் வரவில்லை? தரவு மையத்து வாயிலிலுள்ள தீச்சுவரிலே, பாதுகாப்பென்று எண்ணி, பிங் ஒன்றைத் தவிர அவ்வகைச் செய்திகள் அனைத்தையும் மறித்துவைத்தவன் யானே. பிங் என்பது ஒரு சிறு பொதியை அனுப்பி மறுமொழி வருகின்றதா என்று பார்க்கும் சோதனை. அது ஒழுங்காக மறுமொழி தந்தது. அதனாலேயே இணைப்பு நலமென்று நம்பினேன்.

சோதனை எளிது. பிங்கின் அளவைக் கூட்டி, வழியிற் பிரித்தலாகாது என்னும் குறியுடன் அனுப்புதல் வேண்டும். 1,400 பைற்றுக்கு வெள்ளவத்தையில் மறுமொழி வந்தது; கொட்டாஞ்சேனையில் வரவில்லை. 1,300க்கு இரு இடத்திலும் வந்தது. ரவுட்டரிலே ஒரு பொதியிற் சேர்க்கும் தரவின் உச்சத்தை 1,350 பைற்றாகக் குறைத்து, தீச்சுவரின் மறிப்பையும் நீக்கினேன். பட்டியல் அக்கணமே திறந்தது. எழுதுவினைஞரிடம் மன்னிப்புக் கேட்டது அதனினும் நெடுநேரம் பிடித்தது.

கொள்ளளவைக் கூட்டியும் வெள்ளவத்தையின் வேகங்கூட ஏறாமைக்குக் காரணம் வேறு. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். சிங்கப்பூர் நேர்வழியில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லிசெக்கனிற் குறையாது. எத்துணைக் கட்டணம் செலுத்தினும் இதனைக் குறைத்தல் இயலாது. கேபிள் வளைந்து செல்வதாலும் இடைக் கருவிகளாலும் எமக்கு 50 வரை ஆயிற்று. எம் பழைய நகலெடுக்கும் மென்பொருள் 65,535 பைற்றை அனுப்பிவிட்டு, மறுமொழிக்காகக் காத்திருக்கும் இயல்பினது. 50 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அவ்வளவே செல்லின், செக்கனுக்கு ஏறத்தாழ 10 மெகாபிற்றே தேறும். இணைப்பு 100 ஆயினும் 200 ஆயினும் அவ்வளவுதான். மென்பொருளை மாற்றிய பின்னரே வேகம் ஏறியது. கூட்டிய கொள்ளளவைப் பழைய நிலைக்குக் குறைக்குமாறு யானே கடிதம் எழுதினேன்.

கோளாறில்லாத ஒரு நாளில் எடுத்த அளவுகளை, காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைக்கும் குறித்து, கொட்டாஞ்சேனை ரவுட்டரின் அருகே ஒரு தாளில் ஒட்டிவைத்தோம். அடுத்த முறை இணைப்பு மாற்றப்பட்டபோது, அந்த எழுதுவினைஞர் எனக்குத் தொலைபேசி எடுக்குமுன்னரே 1,400 பைற்றுச் சோதனையைச் செய்து முடித்திருந்தார்.