மடிநோய் மருந்துக்குக் கேட்காதது ஏன்?

கறவை மாட்டின் காம்பு வீங்கிப் பால் திரிதிரியாக வந்தால் ஊசி போடுகிறோம். மறுநாள் வீக்கம் வற்றிப் பால் தெளிகிறது. செலவை எண்ணி மருந்தை அத்துடன் நிறுத்திவிடுவோர் பலர். ஒரு மாதம் கழித்து அதே காம்பில் மீண்டும் நோய். இம்முறை அதே மருந்து கேட்பதில்லை. பழி மருந்துக்கடைக்காரர் தலையில் விழுகிறது; பல சமயம் அவர்மேல் குற்றமே இராது.

மடிநோயை உண்டாக்கும் கிருமிகளுள் முக்கியமானது ஸ்டெபைலோகாக்கஸ். இதில் சில ரகங்கள் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியைத் தாமே சுரப்பவை. அரைகுறை மருந்தில் எளிய கிருமிகள் மடிகின்றன. எதிர்ப்புச் சக்தியுள்ளவை தங்கிப் பெருகுகின்றன. கறப்பவர் கை, மடி துடைக்கும் துணி வழியே அடுத்த மாட்டுக்கும் அவை பரவும். எனவே நோயுற்ற மாட்டைக் கடைசியில்தான் கறக்க வேண்டும்.

நோயை முன்கூட்டியே அறிய எளிய வழி உண்டு. அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரைக்கவும். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் கறந்து, சம அளவு கரைசல் சேர்த்து ஒரு நிமிடம் சுழற்றவும். நோயுள்ள பால் கூழாகத் திரளும்.

ஆரம்ப நிலையில் 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு சேர்த்தரைத்து, பாலை முழுதும் கறந்தபின் நாளொன்றுக்குப் பத்து முறை, ஐந்து நாட்கள் மடி முழுவதும் பூசலாம். காய்ச்சல் கண்டாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ இதை நம்பிக் காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

முன்பு மருந்து கேட்காத மாடானால், ஊசி போடுமுன் பால் மாதிரி எடுப்பது அவசியம். காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் சில பீச்சுகளை விலக்கி, கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலில் பிடித்துப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், எந்த மருந்து கேட்கும் என்பது தெரிந்துவிடும். பக்கத்து வீட்டில் மீந்த மருந்தை ஏற்றுவது வீண்.

மருத்துவர் குறித்த நாட்கள் முழுவதும் மருந்து தர வேண்டும். அந்நாட்களிலும், மருந்துச் சீட்டில் கண்ட விலக்கு நாட்களிலும் பாலை விற்கக் கூடாது. அப்பாலில் உறை குத்தினால் தயிர் சரியாகத் தோயாததைப் பெண்கள் அறிவார்கள். மருந்தின் மிச்சம் உறைக்கிருமியைத் தடுப்பதே காரணம். காய்ச்சினாலும் அது முழுதும் போகாது. வீணாகிறதே என்று அதைக் கன்றுக்கும் வீட்டு நாய்க்கும் ஊற்றினால், அவற்றின் குடலிலும் மருந்துக்கு மசியாத கிருமி வளரும். குழி வெட்டிக் கொட்டி மூடிவிடவும்.