ஆழமும் அளவும்

தமிழகத்தின் தென்கிழக்குக் கரையில், மன்னார் வளைகுடாவின் அலைகள் வந்து மோதும் இடத்தில் தூத்துக்குடி நகரம் அமைந்துள்ளது. பெருங்கப்பல்கள் வந்து தங்கும் துறைமுகத்தாலும், வெண்மணற் குன்றுகள்போல் உப்புக் குவிந்து கிடக்கும் அளங்களாலும் அந்நகரம் இன்று சிறப்புற்று விளங்குகிறது. எனினும், மக்கள் அதற்கு அன்போடு இட்டு வழங்கும் பெயர் ‘முத்துநகர்’ என்பதே. கடலடியிற் கிடந்த முத்தைக் கரைக்குக் கொண்டுவந்தவர், தம் மூச்சை அடக்கி ஆழத்தில் மூழ்கிய மனிதரே ஆவர். அவருடைய ஆற்றலையும், அவ்வாற்றலுக்கு இயற்கை வகுத்துள்ள எல்லையையும் ஒருங்கே அறிந்துகொள்ளுதல் இளைஞர் யாவர்க்கும் பயன் தருவதாகும்.

பாண்டிய நாட்டின் முத்து மிகப் பழைமையான புகழுடையது. தாமிரபரணியாறு கடலொடு கலந்த இடத்தில் அந்நாளில் கொற்கை என்னும் துறைமுகம் இருந்தது. அகநானூறு, மதுரைக்காஞ்சி முதலிய சங்க நூல்கள் அதன் முத்தைப் பாராட்டுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த ‘பெரிப்புளூசு’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், இக்கரையில் முத்தெடுக்கும் தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகிறது. இத்தொழில் எத்துணை இடர் நிறைந்ததாகக் கருதப்பட்டது என்பதற்கு இச்செய்தி ஒன்றே சான்றாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைக் கண்ட வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, முத்துக்குளிப்போர் நான்கு முதல் பன்னிரண்டு பாகம் வரை ஆழத்தில் மூழ்குவதாக எழுதியுள்ளார். பாகம் என்பது இரு கைகளையும் விரித்து அளக்கும் அளவு, ஏறத்தாழ ஆறடி.

முத்துச்சிப்பிகள் கடலடியில் உள்ள பாறைப் பரப்புகளில் கூட்டங்கூட்டமாக ஒட்டி வாழ்வன. அப்பரப்புகளைப் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக்கு எதிரே கடலில் உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் வரை ஆழத்தில் அமைந்தவை. அவ்வாழத்தை விரைந்து அடைவதற்காகக் குளியாள் பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள கல்லொன்றைக் கயிற்றிற் கட்டி, அதன்மேற் கால் ஊன்றி இறங்குவான். கல் அடியைத் தொட்டதும் அதனை விடுவான். மேலேயிருப்பவர் அதை இழுத்துக்கொள்வர். அவன் கைக்கெட்டிய சிப்பிகளைக் கழுத்திலோ இடையிலோ தொங்கும் வலைப்பையில் இட்டுக்கொண்டு, கயிற்றை அசைத்துக் குறிப்புக் காட்டுவான். அக்குறிப்பைக் கண்டதும் மேலேயிருப்பவர் அவனை விரைந்து தூக்குவர். இவையெல்லாம் ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்திற்குள் நிகழ்வன. ஒருவன் மூழ்கும்போது அவனுடைய இணையாள் படகில் இளைப்பாறுவான். பின்னர் இவன் இளைப்பாற அவன் மூழ்குவான்.

கயிறு பிடிப்பவரே குளியாளின் உயிர்க்குக் காவலர். அவர் ஒரு கணம் கவனம் பிறழ்ந்தாலும் கீழேயுள்ளவன் உயிர் நிலைப்பது அரிது. ஆதலின், மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க அமர்த்துவர் என்னும் பேச்சு இக்கரையில் வழங்குகிறது. தன் தமக்கையோ தங்கையோ கைம்மை எய்தக்கூடாது என்று கருதும் மைத்துனன், கயிற்றைக் கைவிடான் என்பது அதன் உட்பொருள். ஆழத்தில் இறங்குவோன் ஒருவனாயினும், அவ்விறக்கம் இருவர் செயல் என்பதை அப்பேச்சு நன்கு உணர்த்துகிறது.

பண்டைக் குளியாட்கள் சுறாமீனுக்கு மிகவும் அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்குவதற்காக மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுவதாகக் கூறும் ‘கடல்கட்டி’ என்பவர் இருந்தனர். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இத்தகையோர்க்கு அளிக்கப்பட்டதாக மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மனிதனின் அச்சத்தைக் கட்டியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், சுறாவினும் பெரிய பகை ஒன்று குளியாளின் உடம்பினுள்ளேயே இருந்தது. அஃது அவனுடைய மூச்சே.

அதன் இயல்பை இங்கு ஆராய்வோம். நீரில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும், நிலமட்டத்தில் வளிமண்டலம் நம்மீது செலுத்தும் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தம் ஒன்று கூடுகிறது. மேற்பரப்பில் ஒருவன் நுரையீரலில் ஆறு லிட்டர் காற்றை நிரப்பிக்கொண்டு இறங்குகிறான் என்று கொள்வோம். பத்து மீட்டர் ஆழத்தில் அக்காற்று மூன்று லிட்டராகவும், இருபது மீட்டரில் இரண்டு லிட்டராகவும், முப்பது மீட்டரில் ஒன்றரை லிட்டராகவும் சுருங்கும். செவிப்பறையும் உள்நோக்கி அழுத்தப்படும். மூக்கைப் பிடித்துக் காற்றைச் செவிக்குள் செலுத்தி அழுத்தத்தைச் சமன் செய்யத் தவறினால் செவிப்பறை கிழியும். சளி பிடித்த நாளில் மூழ்குதல் ஆகாது என்பது இதனாலேயே ஆகும்.

இதனினும் கொடியது மீளும்போது நிகழும் மயக்கம். மூச்சுவிடவேண்டும் என்னும் தவிப்பு, உயிர்வளி குறைவதனால் பெரும்பாலும் தோன்றுவதன்று; உடலிற் கரியமிலவாயு பெருகுவதனால் தோன்றுவதாகும். ஆழத்தில் நெடுநேரம் தங்கவேண்டும் என்று விரும்பும் இளைஞன், இறங்குமுன் பலமுறை விரைந்து ஆழமாக மூச்சு வாங்குகிறான். அதனால் அவன் உடலில் உயிர்வளி மிகுதியாகச் சேர்வதில்லை. கரியமிலவாயு மட்டும் வெளியேறிவிடுகிறது. எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றிவிட்டுக் காவலுக்குச் செல்வதைப் போன்றது இச்செயல். தவிப்புத் தோன்றாமையால் அவன் மேலும் தங்குகிறான். கீழே நீரின் அழுத்தம் மிகுந்திருப்பதால், எஞ்சிய சிறிதளவு உயிர்வளியும் குருதியிற் கலந்து அவனைத் தாங்குகிறது. அவன் மேலேற ஏற அழுத்தம் குறைகிறது. உயிர்வளியின் வலிமையும் உடன் குறைகிறது. மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியும் அளவில், வெற்றி பெற்றோம் என்று மகிழும் வேளையில், முன்னறிவிப்பு ஏதுமின்றி அவன் நினைவிழக்கிறான். அருகில் ஒருவர் இல்லையேல் அவன் மீள்வதில்லை. நன்றாக நீந்துவோரும் இவ்வாறு உயிரிழந்துள்ளனர்.

தூத்துக்குடிக் கரையில் 1955-ஆம் ஆண்டு தொடங்கிப் பல பருவங்களில் நடைபெற்ற முத்துக்குளிப்பு, 1961-ஆம் ஆண்டோடு முடிவுற்றது. சிப்பிகள் அருகிவிட்டமையே காரணம். 1973-ஆம் ஆண்டில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் சிப்பியை வளர்த்து, அதனுள் முத்தை விளைவிப்பதில் வெற்றி கண்டனர். ஆயினும், கடலில் மூழ்கும் தொழில் அற்றுப்போகவில்லை. வெண்சங்கு எடுப்போர் இக்கரையில் இன்றும் உளர். மூச்சை அடக்கி மூழ்கிய முறைக்குப் பின், படகிலுள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய் வழியே காற்றைப் பெற்றும், காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்தும் மூழ்கும் முறைகள் வந்தன. இவற்றால் குளியாள் நெடுநேரம் கீழே தங்க இயன்றது. துன்பமும் புதிய உருவில் வந்தது.

கோலி சோடாப் புட்டியைக் காணாதவர் அரியர். புட்டி மூடியிருக்கும்வரை நீர் தெளிவாக இருக்கிறது. கோலியை அழுத்தியவுடன் குமிழிகள் பொங்கி எழுகின்றன. அழுத்தத்தால் நீரிற் கரைந்திருந்த வாயு, அழுத்தம் திடீரெனக் குறைந்ததும் வெளிப்படுகிறது. அழுத்திய காற்றை ஆழத்தில் சுவாசிப்பவன் உடலிலும் நைட்ரசன் என்னும் வாயு இவ்வாறே கரைகிறது. அவன் மெல்ல மேலேறினால் அது நுரையீரல் வழியாகத் தீங்கின்றி வெளியேறும். விரைந்து ஏறினாலோ, குருதியிலும் திசுக்களிலும் குமிழிகள் தோன்றும். மூட்டுகளில் பொறுக்கலாகா வலியும், கால்களில் உணர்ச்சியின்மையும், சிலர்க்கு முடக்கமும், சாவும் நேரும். பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878-ஆம் ஆண்டில் இதன் காரணத்தை விளக்கினார். பிரித்தானிய அறிஞர் ஹால்டேன் 1908-ஆம் ஆண்டில், எவ்வாழத்தில் எவ்வளவு நேரம் தங்கியவன் எங்கெங்கு நின்று மேலேறவேண்டும் என்னும் அட்டவணையை வெளியிட்டார். மேலும், அழுத்திய காற்றைச் சுவாசித்தவன் மூச்சை அடக்கியபடி மேலேறினால், நுரையீரலிலுள்ள காற்று விரிந்து அதனைக் கிழித்துவிடும். பொறியின் புகை காற்றோடு கலந்து குழாயிற் புகுந்தால், அதுவும் நஞ்சாகும்.

இடர் இத்துணை இருந்தும் இளைஞர் மேன்மேலும் ஆழத்தை நாடுவது ஏன்? கரையருகே சங்கு குறையுந்தோறும் ஆழத்திற்குச் செல்லவேண்டியுள்ளது. எடுத்த அளவிற்கே ஊதியம் என்னும் முறையில், கூடுதலாக ஒருமுறை மூழ்குதல் இல்லத்தின் ஒரு வேளை உணவாகிறது. தோழர் செல்லாத ஆழத்திற்குச் சென்றவன் என்னும் புகழும் இளமையுள்ளத்தை ஈர்க்கிறது. இம்மூன்றையும் குற்றம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. வறுமையும் ஆர்வமும் கூடி உந்தும்போது, ‘போதும்’ என்று தனக்குத்தானே கூறிக்கொள்வது எவர்க்கும் கடினமே.

பசிபிக் பெருங்கடலிலுள்ள துவாமோத்துத் தீவுகளில் முத்துச்சிப்பி எடுத்தவர் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. அவர்கள் காற்றுக்கருவி எதுவுமின்றி, மூச்சை அடக்கியே மிகுந்த ஆழத்திற்கு நாள்முழுதும் பலமுறை மூழ்கினர். இடையில் சிறிது நேரமே இளைப்பாறினர். அவருட் பலர்க்குத் தலைச்சுற்றலும், கைகால் முடக்கமும், அறிவு மயக்கமும் உண்டாயின. ‘தரவானா’ என்று அம்மக்கள் அந்நோயை அழைத்தனர். ஆனால், அதே கடற்பகுதியிலுள்ள மங்கரேவா என்னும் தீவில், ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே நெடிது ஓய்வு கொள்ளும் வழக்கமிருந்தது. அங்கு இந்நோய் காணப்படவில்லை. கடலும் தொழிலும் ஒத்திருக்க, ஓய்வு ஒன்றே உயிரைக் காத்தது.

கொரியா நாட்டின் செசுத் தீவில் பெண்கள் மூச்சை அடக்கி மூழ்கிக் கடல்பொருள்களை எடுக்கின்றனர். 2016-ஆம் ஆண்டில் யுனெசுக்கோ நிறுவனம் அவர்தம் மரபை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அவருள் தொடக்க நிலையினர், இடைநிலையினர், தலைநிலையினர் என மூன்று படிகள் உண்டு. ஆழமான இடம் தலைநிலையினர்க்கு உரியது. அப்படியை ஒருத்தி அடைவது கடலையும் தன் மூச்சையும் நெடுங்காலம் பழகி அறிந்ததனாலேயாகும்.

இளைஞரின் துணிவுக்கு அளவு வகுக்கும் இச்சிக்கல் தொழிலில் மட்டும் உள்ளதன்று. குளிர்நாடுகளில், பனிக்கட்டித் தளத்தின்மேல் சறுக்கி ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. ஆடுவோர் மேலே தாவி, வானில் சுழன்று, ஒரு காலில் வந்திறங்குவர். 2002-ஆம் ஆண்டில் சப்பானியச் சிறுமி மிக்கி ஆண்டோ, தம் பதினான்காம் வயதில், போட்டியொன்றில் நான்கு சுற்றுச் சுழன்றிறங்கினார். பெண்களுள் அதனை முதன்முதல் நிகழ்த்தியவர் அவரே. பின்னர், சிறுவயதினர் பலர் அத்தகைய தாவல்களை நாடினர். ஒல்லியான சிற்றுடல் சுழல்வதற்கு எளிது. ஆனால், ஒவ்வோர் இறக்கமும் உடலின் எடையைப்போல் பன்மடங்கு விசையை வளரும் எலும்பின்மீது செலுத்துகிறது. ஒருநாளில் பலமுறை பயிலும்போது அவ்வடி சேர்ந்து எலும்பிலும் இடுப்பிலும் காயமாகிறது. ஆதலின், பன்னாட்டுச் சறுக்காட்டச் சங்கம் 2022-ஆம் ஆண்டில் ஆராய்ந்து, பெரியோர் போட்டிகளிற் கலந்துகொள்வதற்குரிய வயதைப் பதினைந்திலிருந்து பதினேழாகப் படிப்படியாக உயர்த்த முடிவு செய்தது. இளையோரின் உடல்நலமும் மனநலமும் கருதியே அவ்விதி வந்தது.

இவற்றை ஒப்புநோக்கின் ஓர் உண்மை விளங்கும். எல்லையைத் தாண்ட விழைவது இளமையின் இயல்பு. அவ்விழைவு இல்லையேல் கடலடியின் முத்தை எவரும் கண்டிரார். ஆனால், எல்லை எங்குள்ளது என்பதை முடிவு செய்யும் பொறுப்பை அவ்விளைஞன் ஒருவன் தலைமேற் சுமத்துதல் முறையன்று. ஏனெனில், ஆழத்தில் மயங்கப்போகிறவனுக்குத் தான் மயங்கப்போவது தெரியாது. கற்பிப்பவர் உண்மையைக் கூறவேண்டும். கூலி கொடுப்பவர் ஓய்வுக்கும் சேர்த்துக் கூலி வகுக்கவேண்டும். கருவி தருபவர் அதன் பயிற்சியையும் தரவேண்டும். தோழர் தனியே மூழ்க விடாமல் உடன் இருக்கவேண்டும். இளைஞனும், இன்று மீண்டு வருவோனே நாளை மூழ்க இயலும் என்பதை உள்ளத்திற் கொள்ளல்வேண்டும்.

ஒருவன் எவ்வளவு ஆழம் சென்றான் என்று உலகம் கேட்கும். எவ்வாறு மீண்டான் என்று கேட்பவரோ, மேலே கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பவர் ஒருவரே. துணிவுடைய இளைஞர் ஒவ்வொருவர்க்கும் அத்தகைய ஒருவர் வாய்க்கும்படி செய்வது சமுதாயத்தின் கடமையாகும்.