தொடை வலிக்கு எது காரணம்?

அன்புள்ள மருமகளுக்கு,

கிளியூர் அருவிக்கு இறங்கிப் போய்வந்த மறுநாள் படியில் கால் வைக்க முடியவில்லை, மூச்சு வாங்க ஏறி வந்ததுதான் காரணம் என்று எழுதியிருந்தாய். ஏற்றத்தின்மேல் பழி போடாதே கண்ணு. உன் தொடையை வலிக்க வைத்தது இறக்கம்.

தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும். எலும்போடு சேர்ந்த தசைகள் நம் உடம்பில் 600-க்கு மேல் இருந்தும் தள்ளுகிற தசை ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான் மூட்டுகளில் எதிரெதிர்த் தசைகள் தேவைப்படுகின்றன. முன்தொடைத் தசை இழுத்தால் முழங்கால் நீளும். பின்தொடைத் தசை இழுத்தால் மடங்கும். அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டுசேர்ப்பது தசைநாண். அது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட அதன் அமைப்பை 1954-ல் எடுத்துச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். நம் ஊர் ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலை அது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏறும்போது முன்தொடை சுருங்கி முழங்காலை நிமிர்த்துகிறது, பிட்டத் தசை இடுப்பை நிமிர்த்துகிறது, கெண்டைக்கால் தசை குதிகாலைத் தூக்குகிறது. ஒரு கால் தரையை விட்டதும், ஊன்றிய காலின் இடுப்போரத் தசை இழுத்துப் பிடிக்காவிட்டால் உடம்பு ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

இறங்கும்போது ஊன்றிய முழங்காலை மடக்குவது பின்தொடை என்று நினைப்பாய். உன் எடையே அதை மடக்கிவிடும். சட்டென்று மடங்கி நீ விழாமல் காப்பது முன்தொடைத் தசைதான். கிணற்றில் குடத்தை இறக்குகிறவர் பிடியை விடாமலே கயிற்றை விடுவதுபோல, அது இழுத்துக்கொண்டே நீள்கிறது.

இப்படி நீண்டுகொண்டே இழுக்கும் தசைக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று பார்க்க, 1952-ல் லண்டனில் அபட், பிக்லாண்ட், ரிச்சி ஆகியோர் இரண்டு மிதிவண்டிகளை எதிரெதிர்த் திசையில் நிறுத்தி ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதியை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். இருவர் காலிலும் விசை ஒன்றே. எதிர்த்துப் பிடித்தவருக்கு ஆக்சிஜன் மிகக் குறைவாகவே செலவானது. சிறிய உருவப் பெண் ஒருவர் எதிர்த்துப் பிடித்தே பெரிய ஆணைக் களைக்க வைத்தார்!

இறக்கத்தில் உனக்கு மூச்சு வாங்காததற்குக் காரணம் இதுதான். நீளும் தசைக்கு அதே விசையைத் தரக் குறைந்த இழைகளே போதும். ஆனால் ஒவ்வோர் இழைமேலும் சுமை கூடுகிறது. சில இடங்களில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. வலி உடனே வராமல் ஓரிரண்டு நாளில் உச்சத்துக்கு வருவதும் அதனால்தான். லாக்டிக் அமிலம் தேங்கியது என்பார்கள், நம்பாதே. அது ஒரு மணி நேரத்துக்குள் வடிந்துவிடும்.

சிதைந்த இழை பழுதுபார்க்கப்பட்டு உறுதியாகும். ஒருமுறை வலித்த தசை, சில வாரங்களுக்குள் அதே வேலையைச் செய்தால் முன்போல வலிப்பதில்லை. நித்தமும் காப்பித் தோட்டச் சரிவில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்த வலி அவ்வளவாக வராததும் இதனால்தான்.

இப்போது படுத்தே கிடக்காதே. ஏரிக்கரையில் மெல்ல நட. சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போ. வலி தீர்ந்ததும் மறுபடி அருவிக்கு இறங்கு, சின்னச் சின்ன அடியாக வைத்து. எப்படி இருந்தது என்று எழுது.

அன்புடன்,
மாமா