புல்லரித்தால்தான் பக்தியா?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைப்படிகளில் காவடிகள் ஏறும்போது பம்பை ஓங்கும், யாருக்காவது அருள் வரும். பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டி, "பாருங்க, புல்லரிக்குது" என்பார். ஒன்றும் ஆகாதவர் ஏதோ தப்புச் செய்தவர்போல நிற்பார்.

நம்பிக்கை: பாட்டுக்குப் புல்லரிக்காதவன் கல்நெஞ்சன்.

உண்மை: குளிரிலும் பயத்திலும் மயிர்க்கால் தசைகளைச் சுருக்கும் நரம்புகளே பாட்டுக்கும் வேலை செய்கின்றன. 2011-இல் மொன்றியல் ஆய்வாளர்கள் இசை கேட்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். உச்சக்கட்டத்தில் மட்டுமின்றி, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் நொடிகளிலும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சுரந்தது, அதுவும் மூளையின் வேறொரு பகுதியில். திருப்புகழின் சந்தம் எங்கே திரும்பும் என்று தெரிந்தவருக்குச் சிலிர்ப்பு முந்திக்கொள்வது இதனால் இருக்கலாம். ஆனால் அந்த ஆய்வுக்கு, இசை கேட்டால் தவறாமல் சிலிர்ப்பவர்களையே தேடிப் பிடித்திருந்தார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை. காது நன்றாக இருந்தும், மற்ற இன்பங்களை ரசித்தும், இசையில் மட்டும் எதையும் உணராத ஆரோக்கியமானவர்கள் உண்டு என்று 2014-இல் பார்சலோனா ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது மூளையின் வாகு. பக்தியை அளக்கும் கோல் அல்ல.

நம்பிக்கை: உணர்ச்சி ராகத்துக்குள்ளேயே இருக்கிறது. முகாரி என்றால் ஒப்பாரி.

உண்மை: தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடிய 'எந்தனினே' முகாரிதான். அதில் அழுகை எங்கே? திருத்தணியிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) தம் முதல் கிருதியான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'வை இங்கே மாயாமாளவகௌளையில் பாடினார் என்பது மரபு. (முருகன் கிழவராய் வந்து அவர் வாயில் கற்கண்டு போட்ட கதையை நான் திருத்தப் போவதில்லை, அது இந்தப் பத்தியின் வேலை இல்லை.) சரளி வரிசை படிக்கும் பிள்ளைக்கு அதே ராகம் பாட்டு வகுப்பின் அலுப்பு. 1987-இல் 'மதுர மரிக்கொழுந்து வாசம்' என்ற திரைப்பாட்டைக் கேட்டவர்களுக்கோ அது காதல். சாகித்யம், வேகம், கேட்பவரின் பழக்கம் மூன்றும் சேர்ந்தே உணர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. எல்லாமே பழக்கம் என்றும் தள்ளிவிட முடியாது. இந்துஸ்தானி இசை அறியாத மேற்கத்தியர்கள்கூட ராகங்களில் மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் அடையாளம் கண்டதாக 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. சாந்தம்தான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

நம்பிக்கை: பம்பை அடிக்கு இதயமும் அதே தாளத்தில் துடிக்கும்.

உண்மை: துடிக்காது. வேகமான இசைக்கு மூச்சும் நாடித்துடிப்பும் ஓரளவு கூடும், அவ்வளவே. 2006-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், பாட்டுகளுக்கு நடுவே விட்ட இரண்டு நிமிட இடைவெளியில்தான் இரத்த அழுத்தம் தொடக்க நிலைக்கும் கீழே இறங்கியது.

நம்பிக்கை: சத்தம் கூடினால் பக்தி கூடும்.

உண்மை: கூடுவது காதுக்கான ஆபத்து. 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடங்களுக்கான ஒரு பாதுகாப்பு அளவுகோல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே கைக்குழந்தையோடு உட்கார இடம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.