'ரன்' – 'ஓடு': வினைச்சொற்களின் பல்பொருண்மையும் அகராதிக் கணக்கும்

ஆய்வுச்சுருக்கம்

'ரன்' என்னும் ஆங்கில வினைக்கு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 645 பொருள்களைக் கணக்கிட்டுள்ளது. இவ்வெண்ணிக்கை ஒரு சொல்லின் பொருள்வளத்தை மட்டும் காட்டுவதன்று. தன்வினையும் பிறவினையும் ஒரே வடிவில் கலந்துவிட்ட மொழி வரலாற்றையும் அது காட்டுகிறது. அவ்வினையைத் தமிழின் 'ஓடு' என்னும் வினையோடும் அதன் சொற்குடும்பத்தோடும் ஒப்பிட்டு, ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் இத்தகைய வினைகளுக்குப் பொருள் தரும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பல்பொருண்மை, தன்வினை, பிறவினை, தலைச்சொல், இருமொழி அகராதி

முன்னுரை

ஒரு சொல் பல பொருள் தருதலைத் தமிழ் மரபு தொன்றுதொட்டு அறியும். தொல்காப்பிய உரியியல் அதனைப் பேசுகிறது. சேந்தன் திவாகரத்தின் பதினோராம் தொகுதியும் பிங்கல நிகண்டின் பத்தாம் வகையும் அதற்கெனவே ஒதுக்கப்பட்டவை. எனினும் நிகண்டுகளின் அப்பகுதிகள் பெரிதும் பெயர்ச்சொற்களையே தொகுத்தன. ஆங்கில அகராதியியலின் பட்டறிவு இதற்கு மாறானது. அங்கு மிக நீண்ட பதிவுகளைப் பெற்றவை அரிய சொற்களோ கலைச்சொற்களோ அல்ல. குழந்தைகளும் வழங்கும் சிறு வினைகளே. எடு, வை, செய், ஓடு என்னும் பொருளுடைய வினைகளே அகராதி ஆசிரியர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்துள்ளன.

எண்ணிக்கையின் வரலாறு

சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் 'டேக்' என்னும் வினை 134 பொருள்களைப் பெற்றது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு அகராதியில் முதலிடம் 'செட்' என்னும் வினைக்குரியதாயிற்று. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவ்வினைப் பதிவு ஏறத்தாழ 60,000 சொற்களில் அமைந்தது. தனிவினைக்கு மட்டும் 430 பொருள்கள் இருந்தன. தொடர்வினைகளையும் மரபுத்தொடர்களையும் சேர்த்தால் 580 அளவில் இருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப்பணி 'எம்' எழுத்தில் தொடங்கியது. 2000-இல் 'மேக்' என்னும் வினையும் 2007-இல் 'புட்' என்னும் வினையும் முன்னிடத்தைப் பிடித்தன. 2011-இல் 645 பொருள்களுடன் 'ரன்' அவற்றை விஞ்சியது. அப்பதிவை உருவாக்கிய பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதங்களை அதற்குச் செலவிட்டார். 645 என்பது வினைக்கு மட்டும் உரிய எண். 'ரன்' என்னும் பெயர்ச்சொல் தனிப்பதிவு உடையது.

இந்த எண்ணைக் காட்டி ஆங்கிலத்தின் செழுமையை வியப்போர் உளர்; அதே எண்ணைக் காட்டித் தமிழின் குறையைப் பேசுவோரும் உளர். இரு சாராரும் எண்ணப்பட்டது எது என்று கேட்பதில்லை.

இரு வினைகள் ஒன்றானமை

பழைய ஆங்கிலத்தில் தானே ஓடுதலைக் குறித்த தன்வினை ஒன்றும், பிறிதொன்றை ஓடச்செய்தலைக் குறித்த பிறவினை ஒன்றும் தனித்தனியே வழங்கின. வைக்கிங்குகளின் குடியேற்றத்தோடு வந்த பழைய நார்ஸ் மொழியிலும் இத்தகைய இணை இருந்தது. இவை யாவும் இடைக்கால ஆங்கிலத்தில் ஒன்றோடொன்று மயங்கி, முடிவில் 'ரன்' என்னும் ஒரே வடிவத்தில் ஒடுங்கின. உறவுமொழியாகிய செருமானியம் அவ்விணையின் வழிவந்த சொற்களை இன்றும் வேறாகவே வைத்துள்ளது: 'ரின்னன்' என்பது நீர் முதலியன ஒழுகுதலையும் 'ரென்னன்' என்பது விரைந்தோடுதலையும் குறிக்கும்.

இவ்வொப்பீட்டில் வேறோர் உண்மையும் புலப்படும். ஆறு ஓடுதலைக் கால்கொண்டு ஓடுதலின் உருவகமாகக் கொள்வது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் நீரொழுக்கு இவ்வேரின் பழம்பொருள்களுள் ஒன்று. எனவே, மாந்தர் ஓட்டத்தை முதற்பொருளாகவும் ஏனையவற்றை அதன் கிளைகளாகவும் காட்டும் பாடநூல் வரைபடங்கள் வரலாற்றுக்கு முற்றும் பொருந்துவன அல்ல.

முன்னர் முதலிடம் வகித்த 'செட்' என்னும் வினையும் தோற்றத்தில் பிறவினையே. 'சிட்' (அமர்) என்பதன் பிறவினை அது. 'ஃபால்' (விழு) – 'ஃபெல்' (வீழ்த்து), 'லை' (கிட) – 'லே' (கிடத்து) என்பன போன்ற சில இணைகள் மட்டுமே இன்றைய ஆங்கிலத்தில் எஞ்சியுள்ளன. பெரும்பாலான வினைகளில் வடிவ வேறுபாடின்றியே இருவகைப் பொருளும் வழங்குகின்றன. இயந்திரம் ஓடினாலும் ஒருவர் அதனை ஓட்டினாலும் ஆங்கிலத்திற்கு 'ரன்' ஒன்றே. ஓட்டப்படும் பொருள் மாறுந்தோறும் அகராதி புதிய எண்ணிடுகிறது. நிறுவனம், கடை, சோதனை, செய்தி, குளியல்நீர், காய்ச்சல், கடத்தற்பொருள் என அப்பட்டியல் நீளும். 645-இன் பெரும்பங்கு இவ்வாறு விளைந்ததே.

தமிழில் 'ஓடு'

தமிழ் இவ்விணையை இழக்கவில்லை. ஆடு – ஆட்டு, கூடு – கூட்டு, வாடு – வாட்டு என்பன போல ஓடு – ஓட்டு என வல்லெழுத்து இரட்டித்துப் பிறவினையாகிறது. 'ஓட்டம்' எனத் தொழிற்பெயரும் தனி வடிவம் பெறுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936) இம்மூன்றையும் மூன்று தலைச்சொற்களாகவே பதிவுசெய்துள்ளது. ஆங்கிலத்தில் ஒரு கூரையின்கீழ் எண்ணப்படுவன இங்கு மூன்று இல்லங்களில் வாழ்கின்றன. ஆகவே 'ஓடு' என்பதன் பொருளெண்ணிக்கையை 'ரன்' என்பதன் எண்ணிக்கையோடு நேர்வைத்து ஒப்பிடுதல் முறையன்று. சிப்பியையும் கூரையின் சுட்ட மண்ணையும் குறிக்கும் 'ஓடு', மூன்றாம் வேற்றுமை உருபாகிய 'ஓடு' ஆகியன வேறு சொற்கள்; அவற்றை இக்கணக்கில் சேர்த்தலும் பொருந்தாது.

'ஓடு' என்னும் வினை தன்னளவில் விரிந்த பரப்புடையது. ஆறு ஓடும், காலம் ஓடும், கப்பல் ஓடும், கடிகாரம் ஓடும். புறங்காட்டுதலும் ஓடுதலே, வீட்டாரறியாது காதலரோடு செல்லுதலும் 'ஓடிப்போதல்'. செய்வதறியாது திகைப்பவர் 'ஒன்றும் ஓடவில்லை' என்பார். ஆங்கில 'ரன்' வினைக்கு இவ்வழக்கு இல்லை. 'படம் ஓடவில்லை' என்னும் தொடர் கருத்தூன்றத்தக்கது. திரையரங்கின் கருவி பழுதானாலும் இதனைச் சொல்லலாம். படம் வசூலில் தோற்றாலும் சொல்லலாம். படம் நூறு நாள் ஓடியது என்பதற்கு நேரான ஆங்கில வழக்கு உண்டு. ஆயின் எதிர்மறையில் தோல்வியைக் குறிப்பது தமிழ் தானே வளர்த்துக்கொண்ட பொருள். பிறவினையும் இவ்வாறே கிளைத்துள்ளது: வண்டியை ஓட்டுதல், ஈயை ஓட்டுதல், பிழைப்பை ஓட்டுதல், பேச்சுவழக்கில் ஒருவரைக் கேலிசெய்து ஓட்டுதல்.

'கண்ணோட்டம்' இக்குடும்பத்தில் தனித்து நோக்கத்தக்கது. திருக்குறளின் 58-ஆம் அதிகாரத் தலைப்பாகிய இச்சொல் ஆங்கே பிறர்பால் இரங்கும் அருளைக் குறிக்கிறது. இன்றைய உரைநடையில் நோக்குநிலை என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. ஆங்கிலத்திலும் ஏட்டின்மீது கண்ணை 'ரன்' செய்வதாகச் சொல்வர். அது மேலோட்டமாகப் படித்தலோடு நின்றுவிட்டது. பார்வை ஓடுதல் என்னும் ஒரே காட்சியிலிருந்து ஒரு மொழி விரைவை எடுத்துக்கொண்டது. மற்றொன்று இரக்கத்தை எடுத்துக்கொண்டது.

ஓடுவதும் நடப்பதும்

நிறுவனம், பள்ளி, குடும்பம் ஆகியவற்றை ஆங்கிலேயர் 'ரன்' செய்கின்றனர், தமிழர் நடத்துகின்றனர். 'நடத்து' என்பது 'நட' என்பதன் பிறவினை. ஆங்கிலம் ஓட்டுவதைத் தமிழ் நடக்கச்செய்கிறது. நிகழ்ச்சி நடக்கிறது, வழக்கு நடக்கிறது, கடை நன்றாக நடக்கிறது என ஆங்கில 'ரன்' வினையின் ஆட்சிப்பரப்பில் பெரும்பகுதியைத் தமிழில் 'நட' என்பதே ஆள்கிறது. பொருளைக் கள்ளத்தனமாகக் கொண்டுசெல்லும் 'ரன்', தமிழில் 'கட' என்பதன் பிறவினையாகிய 'கடத்து' ஆகிறது.

எஞ்சியன பல வினைகளிடையே சிதறுகின்றன. மூக்கு ஒழுகுகிறது, சாயம் போகிறது, காய்ச்சல் அடிக்கிறது, இருப்பு தீர்கிறது, சாலை ஆற்றை ஒட்டிச் செல்கிறது, குடும்பத்தில் ஒரு நோய் பரம்பரையாக வருகிறது. சில வேளைகளில் ஆங்கிலத்தில் தொலைவாய் நிற்கும் இருபொருள்கள் தமிழில் ஒரே சொல்லில் வந்து சேர்கின்றன. சாலையில் கிடந்தவர்மீது லாரி 'ரன்' ஆவதும் ஒருவருக்குக் கடன் பெருகி 'ரன்' ஆவதும் ஆங்கிலத்தில் வெவ்வேறு இடைச்சொற்கள் ஏற்ற இருவேறு தொடர்வினைகள். தமிழில் லாரியும் ஏறுகிறது, கடனும் ஏறுகிறது.

தேர்தலில் அமெரிக்கர் 'ரன்' செய்கின்றனர். பிரித்தானியர் 'ஸ்டாண்ட்' செய்கின்றனர், அதாவது நிற்கின்றனர். தமிழரும் தேர்தலில் நிற்கின்றனர். பிரித்தானிய ஆட்சியில் தேர்தல்முறை அறிமுகமானதை நோக்க, இது அவ்வழக்கின் தழுவலாகலாம். எவ்வாறாயினும், அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்ப்போர் ஒருவரை 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என எழுதுவது அகராதியின் முதற்பொருளை மட்டும் கண்டதன் விளைவு. தலைச்சொல்லை அடுத்து 'ஓடு' என்று தொடங்கி, காற்புள்ளியிட்டுப் பத்துப் பதினைந்து தமிழ்ச்சொற்களை அடுக்கும் அகராதிமுறை இப்பிழைக்கு வாயில் திறக்கிறது.

கடன்சொல்லாக வருங்கால்

645 பொருளுடைய சொல் தமிழுக்குள் கடனாக வருங்கால் அவற்றைச் சுமந்து வரவில்லை. 'ரன்' தமிழில் கிரிக்கெட்டின் மதிப்பலகாகவே நிலைபெற்றது. கணினியர் பேச்சில் நிரலை இயக்குதலையும் குறிக்கிறது. இலங்கைத் தமிழிதழ்கள் 'ஓட்டங்கள்' என எழுதத் தமிழகத்து இதழ்கள் 'ரன்கள்' என எழுதுகின்றன. பந்து எல்லைக்கோட்டைக் கடந்தால் மட்டையாளர் ஓடாமலே நான்கு 'ஓட்டங்கள்' பெறுவதில் ஒரு முரண் தோன்றலாம். ஆங்கிலத்திலும் அதே முரண் உண்டு என்பதை அதனைக் குறைகூறுவோர் மறந்துவிடுகின்றனர்.

'செட்' என்னும் கடன்சொல்லோ தமிழில் வேர்விட்டுக் கிளைத்துள்ளது. நகை செட், பம்புசெட், செட் தோசை, படப்பிடிப்புக்குப் போடும் செட், ஒருங்கு பயின்ற தோழர்கூட்டமாகிய செட் என அது விரிகிறது. 'செட் ஆகவில்லை' என்பது பொருந்தவில்லை என்னும் பொருளில் வழங்குகிறது. இங்கு வேர்விட்டது பெரிதும் பெயர்ச்சொல்லே. தொகுதிப்பொருளுடைய 'செட்' பழைய பிரெஞ்சுவழி வந்த வேறொரு சொல்லின் கலப்புடையது. 430 பொருள் கொண்ட வினையின் பங்கு இதில் சிறிதே.

இருமொழி அகராதிக்கான முறை

இத்தகைய வினைகளுக்குப் பொருள்தருங்கால் எழுவாயும் செயப்படுபொருளும் தலைமை பெறுதல் வேண்டும். 'நீர் எழுவாயாயின்', 'நிறுவனம் செயப்படுபொருளாயின்', 'தேர்தல் சூழலாயின்' எனப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தமிழ்வினையை எடுத்துக்காட்டுத் தொடரோடு தருதல் தகும். தற்காலத் தமிழின் எழுத்து வழக்கைச் சான்றாகக் கொண்டு 1992-இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, எடுத்துக்காட்டுத் தொடர்களின் பயனைத் தமிழிலேயே மெய்ப்பித்தது. ஆங்கிலம்–தமிழ் அகராதியிலும் இதனைச் செய்ய ஆங்கில அறிவைவிடத் தமிழ்ச் சொற்சேர்க்கை பற்றிய அறிவே மிகுதியும் தேவைப்படும்.

ஒரு சான்று போதும். புதிய தொடர்வண்டியையோ இயந்திரத்தையோ முதலில் இயக்கிப் பார்த்தலைக் குறிக்கும் 'ட்ரையல் ரன்' என்பதற்கு இன்று 'சோதனை ஓட்டம்' எனச் சொல்லுக்குச் சொல் வைத்து எழுதுவது பெருவழக்கு. புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவிற்கு முன் இறைத்திருமேனி எழுந்தருளாமலே இழுத்துப் பார்க்கும் வழக்கம் கோயில்களில் உண்டு. அதற்குப் பெயர் 'வெள்ளோட்டம்'. பேருந்துக்கும் கப்பலுக்கும் அச்சொல்லை வெள்ளோட்டம் விடுதல் என விரித்து வழங்குவோர் இன்றும் உள்ளனர். அகரவரிசையில் இச்சொல் வகரத்தில் நிற்கிறது. 'ரன்' என்பதற்கு 'ஓடு', 'ஓடு' என்பதற்கு 'ஓட்டம்' என்று மட்டும் நகரும் தொகுப்பாளர் ஒகரத்தைத் தாண்டி அங்குச் சென்று சேர்வதில்லை.