ஒப்பரேஷனுக்கு முன் ஒரு சிரிப்பு

"டவுனுக்குப் போறோம்" என்று பொய் சொல்லி பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறோம். வாட்டைக் கண்டதும் பிள்ளை மிரண்டு அழுகிறது. அடுத்தமுறை நம் பேச்சை நம்புமா?

பயத்தைக் குறைக்க விளையாட்டும் ஒரு மருந்துதான். நியூயோர்க்கில் 1986இல் சர்க்கஸ் கோமாளிகள் நோயாளிப் பிள்ளைகளைப் பார்க்க வாட்டுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். இத்தாலியில் 40 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஒப்பரேஷனுக்கு முன் தாயோ தகப்பனோ மட்டும் கூட இருந்த பிள்ளைகளைவிட, கோமாளிகளும் கூட இருந்த பிள்ளைகளுக்குப் பயம் குறைவாக இருந்தது.

கோமாளிக்கு நாம் எங்கே போவது? லயத்திலேயே இப்படிச் செய்யலாம்:

1. உண்மையைச் சொல்லுவோம். "மருந்து குடுத்துத் தூங்க வைப்பாங்க. முழிச்சப்புறம் கொஞ்சம் வலிக்கும், அதுக்கும் மருந்து தருவாங்க."

2. முதலில் துணிப்பொம்மைக்கு ஒப்பரேஷன் செய்வோம். பிள்ளைதான் டொக்டர். தேத்தண்ணி வடியை முகமூடியாக வைத்து பொம்மையைத் தூங்க வைக்கட்டும். பொம்மைக்காக அப்பா குறட்டை விடட்டும்!

3. பயப்படும் பிள்ளையைக் கேலி செய்யக்கூடாது. பிள்ளையோடு சேர்ந்து சிரிப்போம். பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். "சாப்பாடு குடுக்காதீங்க" என்று வாட்டில் சொன்னால், பிள்ளை அழுதாலும் ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்கக்கூடாது. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கொடுத்திருந்தால், ஏச்சுக்குப் பயந்து மறைக்காமல் மிஸ்ஸியிடம் உடனே சொல்லிவிடுவோம்.