உங்கள் பேரில் ஒரு பக்கம்



நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்கிறார்கள். கையில் போன் இருக்கிறது. சிலர் அதில் எழுதவும் தொடங்குகிறார்கள். ஆனால் நாலு நாள் எழுதிவிட்டு, "நம்ம எழுத்த யாரு படிக்கப் போறா?" என்று விட்டுவிடுகிறார்கள். இணையத்தில் புதிதாக எழுதுபவர் தமக்கென்று வாசகரைச் சேர்ப்பது எப்படி? இம்முறை அதைப் படிப்போம்.

இதற்கு நல்ல பாடம் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் சலூன் தொழிலாளியாக இருந்தவர். அவருடைய பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. 1966இல் 'மல்லிகை' என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். இதழ்களைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தாமே விற்றார். பின்னர் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனை இருக்கும் அதே கொழும்பு 13இல், ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து நடத்தினார். 40 ஆண்டுகளுக்கு மேல் மல்லிகை வந்தது. அவர் 2021இல் காலமானார்.

அச்சு வேறு, இணையம் வேறு. ஆனாலும் வாசகரைச் சேர்க்கும் வழி ஒன்றுதான்.

1. ஒரே பேரில் எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு புனைபெயர் வைத்தால் உங்களை யாரும் நினைவில் வைக்கமாட்டார்கள்.

2. நாள் தவறாதீர்கள். கொழுந்து மலைக்குச் சுற்று பிந்தினால் இலை முற்றிப் போகும். எழுத்தும் அப்படித்தான். வாரம் ஒன்று போதும். ஆனால் அது தவறக்கூடாது.

3. தெரிந்ததை எழுதுங்கள். பிரட்டுக்களம், லயத்து அடுப்படி, கடையில் நாள் முழுதும் நின்று கால் கடுப்பது, இவற்றை உங்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

4. ஆளாளாகச் சேருங்கள். முதல் பத்துப் பேருக்கு நீங்களே அனுப்புங்கள். யாராவது பதில் போட்டால் மறுபதில் போடுங்கள். மற்றவர் எழுதியதையும் படியுங்கள்.

5. பிரதி வையுங்கள். ஜியோசிட்டிஸ் என்ற இலவச இணையத்தளத்தில் உலகெங்கும் ஏராளமானோர் பக்கம் வைத்திருந்தார்கள். 2009இல் அதை மூடிவிட்டார்கள். ஆகவே ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் அழியாமலிருக்க 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் மல்லிகை இதழ்களை இன்றும் இலவசமாகப் படிக்கலாம். சேர்த்து வைத்ததால்தான் அவை நமக்குக் கிடைக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: அடையாள அட்டை இலக்கம், சம்பளத் துண்டு, பிறருடைய படம் இவற்றைப் போடாதீர்கள். கடவுச்சொல்லைக் கூட்டாளிக்கும் சொல்லாதீர்கள்.

நம்மைப் பற்றி வெளியார் எழுதியது நிறைய. நாமே எழுதியது கொஞ்சம். அப்பாயி, தாத்தா சொன்ன கதைகள் அவர்களோடேயே மண்ணுக்குப் போகின்றன. அதனால்தான் இவ்வளவும் சொல்கிறோம்.

பயிற்சி: வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள மூத்தவரிடம், "நம்ம மலைக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு?" என்று கேளுங்கள். தூரத்தில் இருந்தால் போன் எடுத்துக் கேளுங்கள். அவர் சொன்னதைப் பத்து வரியில் எழுதி, கீழே உங்கள் பேரைப் போடுங்கள். அதுதான் உங்கள் முதல் பக்கம்.